தட்டை மாற்றி நிறுத்தீர்களா? ஸ்பின் சோதனைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கும்பகோணம் பெரிய கடைத் தெருவில் மாமா மளிகைக்கடை வைத்திருந்தபோது கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு இரட்டைத்தட்டுத் தராசு தொங்கும். ஏலக்காய் மாதிரி விலை கூடின சரக்கு வந்தால், ஒரு தடவை நிறுத்ததும் "தட்டை மாத்திப் போடுங்க தம்பி" என்பார். கல் இருந்த தட்டுக்குச் சரக்கு போகும், சரக்கு இருந்த தட்டுக்குக் கல் வரும். தராசின் ஒரு கை நூலளவு நீண்டிருந்தாலும் அங்கேயே குட்டு உடைந்துவிடும்.

பல வருஷம் கழித்து, ஒரு துகள் முடுக்கியின் கட்டுப்பாட்டு அறையில் ராத்திரி ஷிஃப்டில் இருந்தபோது மாமாவின் அந்தப் பாடத்தை மறந்துபோனேன். மெல்லிய கார்பன் தகட்டில் புரோட்டான் கற்றை மோதுகிறது; இடப்பக்கம் ஒரு டிடெக்டர், வலப்பக்கம் ஒன்று. புரோட்டானின் ஸ்பின் (பம்பரம் மாதிரித் தன்னைத்தானே சுற்றுவது போன்ற, திசையுள்ள ஒரு உள்பண்பு) மேல்நோக்கி. சிதறி வந்த புரோட்டான் இடப்பக்கம் 11,000, வலப்பக்கம் 8,100. வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுத்தால் 0.152. பெரிய சமச்சீரின்மை, அதாவது ஸ்பினால் வரும் இட-வல வித்தியாசம், என்று சந்தோஷமாக நோட்டில் எழுதிவிட்டேன். காலையில் வந்த சீனியர் கேட்டது ஒன்றுதான்: "ஸ்பினைத் திருப்பிப் பார்த்தியா?"

திருப்பினோம். இடப்பக்கம் 9,000, வலப்பக்கம் 9,900. வலது டிடெக்டர் கொஞ்சம் பின்தள்ளி இருந்ததால் பத்தில் ஒரு பங்கு எண்ணிக்கை குறைந்திருக்கிறது. இந்த நான்கு எண்களையும் குறுக்கே பெருக்க வேண்டும். 11,000 × 9,900 என்பதை 9,000 × 8,100 ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் 1.222. அதில் ஒன்றைக் கழித்ததை, ஒன்றைக் கூட்டியதால் வகுத்தால் கிடைப்பது 0.10. உண்மையான விடை இதுதான். டிடெக்டரின் திறனும் கற்றையின் அளவும் கணக்கிலிருந்து தாமாகவே அடிபட்டுப் போகின்றன. கை நீளம் சரியில்லாத தராசில் இரண்டு எடையையும் பெருக்கி வர்க்கமூலம் எடுப்பதும் இதே கணக்குதான்.

1956 கடைசியிலும் 1957 தொடக்கத்திலும் இயற்பியலாளர் சியென்-ஷியுங் வூ நடத்திய கோபால்ட்-60 சோதனையிலும் மேலே ஒன்று கீழே ஒன்று என்று இரண்டு பீட்டா கவுண்டர் (அணுக்கரு உமிழும் எலெக்ட்ரானை எண்ணும் கருவி) கிடையாது. இருந்தது ஒன்றே. காந்தப்புலத்தைத் திருப்பி அணுக்கருக்களின் ஸ்பினைத் தலைகீழாக்கி, அதே கவுண்டரில் எண்ணினார்கள்.

ஒரு தடவை திருப்பிவிட்டு ஓய்ந்துவிடுவதும் தவறுதான். காலையில் முழுக்க மேல், சாயங்காலம் முழுக்கக் கீழ் என்று வைத்தால், நடுவில் அறை வெப்பம் மாறும், ஆம்ப்ளிஃபயரின் அளவு மெல்ல விலகும். அதனால் மேல், கீழ், கீழ், மேல் என்று சின்னச் சின்னக் கட்டுகளாக மாற்ற வேண்டும். அமெரிக்காவின் ஜெஃபர்சன் ஆய்வகத்தில் மிகச் சின்ன சமச்சீரின்மையைத் தேடிய க்யூ-வீக் சோதனைக்கு எலெக்ட்ரான் ஸ்பினை விநாடிக்கு 960 தடவை என்ற வேகத்தில் திருப்பினார்கள். அது போதாதென்று, எலெக்ட்ரானைக் கிளப்பும் லேசரின் பாதையில், ஸ்பினைத் தலைகீழாக்கும் ஒரு அரை-அலைத் தகட்டைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை செருகியும் எடுத்தும் பார்த்தார்கள். மின்னணுக் கருவியே பொய் சொல்கிறதா என்று தெரிய அது ஒரு இரண்டாவது தட்டு மாற்றல்.

குறுக்குப் பெருக்கலுக்கும் சில விஷயம் அடங்காது. ஸ்பினைத் திருப்பும்போது கற்றையும் கூடவே அரை மில்லிமீட்டர் நகர்ந்தால், அந்த நகர்வு சமச்சீரின்மை வேஷத்தில் வந்து நிற்கும். டெட் டைமும், அதாவது ஒரு துகளை எண்ணி முடிக்கும்வரை கருவி அடுத்ததைக் கவனிக்காத நேரமும், அப்படித்தான். எந்தப் பக்கம் துகள் அதிகம் வருகிறதோ அந்தப் பக்கம் கருவி அதிகம் தவறவிடும்; விடை சுருங்கிப்போகும்.

80 என்றால் 90

பிளஸ் டூ புத்தகத்தில் ஒளிக்குத் 'தளவிளைவு' என்று படித்த பிள்ளைகள் அதே படத்தைப் புரோட்டான் கற்றைக்கும் மனசில் ஒட்டிக்கொள்கிறார்கள். இங்கே தளமும் இல்லை, அலையும் இல்லை. ஸ்பின் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதுதான் பேச்சு. (கற்றையின் ஸ்பின்கள் எவ்வளவு ஒரே பக்கம் பார்க்கின்றன என்ற அளவை ஆய்வகத்தில் எல்லோரும் போலரைசேஷன் என்றே சொல்வதால் நானும் அப்படியே விடுகிறேன்.) போலரைசேஷன் 80 சதவீதம் என்றால் நூறில் 80 புரோட்டான் மேல்நோக்கி என்று நினைப்பது ரொம்பச் சகஜமான தவறு. மேல் 90, கீழ் 10, கழித்தால் 80. 80 மேலும் 20 கீழும் இருந்தால் போலரைசேஷன் 60 தான்.

இதோடு ஒட்டியது நேரக் கணக்கு. போலரைசேஷன் பாதியானால் இரண்டு மடங்கு நேரம் எண்ணினால் போதும் என்று பீம் டைமுக்கு (முடுக்கியில் கற்றை கிடைக்கும் நேரத்துக்கு) விண்ணப்பம் எழுதுகிறவர்கள் உண்டு. அதன் வர்க்கம்தான் கணக்கில் வரும். 80 இருந்த இடத்தில் 40 என்றால் பத்து ஷிஃப்ட் வேலை நாற்பது ஷிஃப்ட் ஆகும்.

கல்லணையில் திறந்த தண்ணீர்

கல்லணையில் திறந்துவிட்ட தண்ணீர் அப்படியே கடைமடைக்கு வந்து சேராது என்பதை நாகப்பட்டினத்துக்காரர்களிடம் சொல்ல வேண்டியதில்லை. போலரைசேஷனும் அதுபோலத்தான். கற்றை பிறக்கும் அயனி மூலத்தில் அளந்த எண்ணை வைத்துக்கொண்டு இலக்கில் கணக்குப் போடக் கூடாது. வட்ட முடுக்கியில் புரோட்டானின் ஆற்றல் ஏற ஏற, ஏறக்குறைய 523 மெகா எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு ஒருமுறை, காந்தங்களின் சிறு பிழைகளோடு ஸ்பின் ஒத்ததிர்ந்து சிதறப் பார்க்கும். இதைத் தடுக்க 1970களில் நோவோசிபிர்ஸ்கில் தெர்பெனெவும் கொன்ட்ராதென்கோவும் யோசித்த காந்த அமைப்புக்கு 'சைபீரியப் பாம்பு' என்று பெயர். அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்து ஆர்.எச்.ஐ.சி. முடுக்கியில் வளையத்துக்கு இரண்டு பாம்பு இருந்தன. அப்படியிருந்தும், மூலத்தில் 80 சதவீதத்துக்கு மேல் இருந்தது, 255 கிகா எலெக்ட்ரான் வோல்ட்டில் மோதும்போது 55 பக்கம் வந்து நின்றது. ஆகவே போலரைசேஷனை அளக்கும் போலரிமீட்டரை இலக்குக்கு முடிந்தவரை பக்கத்தில் வையுங்கள். ஓட்டத்தின் ஊடேயும் அளந்துகொண்டே இருங்கள்.

போகும் பாதையிலும் ஸ்பின் திரும்பும். கற்றை போகும் திசையிலேயே ஸ்பின் இருக்கும் குறைந்த ஆற்றல் புரோட்டானைக் காந்தத்தால் கிடைமட்டமாக 90 பாகை வளைத்தால், ஸ்பின் அதன் பாதையை விட இன்னும் 161 பாகை கூடுதலாகத் திரும்பியிருக்கும். நேராக மேலே நிற்கும் ஸ்பினை இதே காந்தம் ஒன்றும் செய்யாது.

சமச்சீரின்மையின் கூட்டல்-கழித்தல் குறி மாறிப்போவது தனிச் சங்கடம். குறி வைப்பதற்கு எல்லோரும் ஏற்ற 1970 மேடிசன் மரபுப்படி, கற்றை போகும் திசையைப் பார்த்து நின்று இடப்பக்கம் சிதறல், ஸ்பின் மேலே என்பதுதான் நேர்க்குறி. கற்றைக்கு எதிரே நின்று படம் வரைந்தால் இடம் வலமாகிவிடும். என் பழைய நோட்டில் இரண்டு பக்கம் முழுக்கச் சிவப்பு மையால் அடித்திருப்பது இதனால்தான்.

சின்னதாகத் தெரிகிறவை

கற்றையின் மின்னோட்டத்தை அளக்கும் ஃபாரடே கோப்பையில் எதிர்மின்னழுத்த வளையத்தைப் போட மறந்தால், புரோட்டான் மோதிக் கிளப்பும் இரண்டாம் நிலை எலெக்ட்ரான்கள் வெளியே ஓடிவிடும். மீட்டர் உண்மையை விட அதிக மின்னோட்டம் காட்டும். வெற்றிடப் பம்பின் எண்ணெய் ஆவி, கற்றை படும் இடத்தில் கார்பனாகப் படியும். தங்கத் தகடு என்று நம்பி அளப்பதில் பாதி கார்பனாக இருக்கலாம். போலரிமீட்டரின் பிழை எல்லாப் புள்ளிகளையும் சேர்த்து ஏற்றும் அல்லது இறக்கும். அதை ஒவ்வொரு புள்ளியின் பிழைக்கோட்டிலும் கலந்துவிடாமல் தனியே எழுதுங்கள்.

கடைசியாக, ஊரில் யாராவது முடுக்கியைப் பற்றி "அது கூடங்குளம் மாதிரி உலையா?" என்று கேட்டால், இல்லை, சுவிட்சை அணைத்தால் கற்றை அந்த நொடியே நின்றுவிடும் என்று சொல்கிறோம். அது சரிதான். அதை நம்பி நேரே உள்ளே போய் இலக்கைக் கழற்றுவதுதான் தப்பு. கற்றை பட்ட உலோகம் கதிரியக்கம் ஏறிக் கதிர் வீசிக்கொண்டே இருக்கும். கதவைத் திறந்ததும் முதலில் நீட்ட வேண்டியது கையை அல்ல, கதிரியக்கத்தை அளக்கும் சர்வே மீட்டரை.