காட்டுமாடு கண்ணில் படுவதற்கு முன்

ஒரு வீடியோ கேம் காட்சிக்கு இசை அமைக்கிறீர்கள். குன்னூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டப் பாதை. மேகம் இறங்குகிறது. பாதை சோலைக்காட்டுக்குள் திரும்பும் இடத்தில் காட்டுமாடு நிற்கிறது. விளையாடுபவர் அதைப் பார்ப்பதற்கு முன்பே அவர் நெஞ்சு படபடக்க வேண்டும். அதற்குப் புது மெட்டு வேண்டாம். ஒரே இசையை மூன்று அடுக்காகப் பிரித்தால் போதும்.

வேகம் நிமிடத்துக்கு 80 தட்டு. நான்கு தட்டு ஓர் ஆவர்த்தனம் என்றால் அது 3 விநாடி. 16 ஆவர்த்தனம் 48 விநாடி. அடுக்குக்கு ஒன்றாக மூன்று ஒலிக்கோப்பு, மூன்றும் அதே நீளம், ஒரே நேரத்தில் தொடங்கி ஓடிக்கொண்டே இருக்கும். ஒலியளவு மட்டும் ஏறி இறங்கும். முதல் அடுக்கு தம்பூரா சுருதி. இரண்டாவது, புல்லாங்குழலில் நாலைந்து ஸ்வரம். மூன்றாவது தணிந்த முழவு. அதோடு ஷட்ஜத்தின் (ச) மேல், அதை ஒட்டிய சுத்த ரிஷபத்தை (தாழ்ந்த ரி) நீளமாகப் பிடியுங்கள். நெருங்கி நிற்கும் இரண்டும் உரசும், பதற்றம் அந்த உரசலில்தான். அதைச் சற்று உயர்ந்த ரி-யான சதுஸ்ருதி ரிஷபமாக மாற்றிப் பாருங்கள், பயம் பாதி போய்விடும்.

தகரக் கூரையில் மழை விழும் சத்தத்தை இந்த அடுக்குகளில் கலக்காதீர்கள். 48 விநாடிக்கு ஒருமுறை அதே சொட்டு விழுந்தால் காது கண்டுபிடித்துவிடும். மழைக்கு நான்கைந்து நிமிடத் தனிக் கோப்பு.

முழவைச் சேர்க்கத்தான் எல்லோருக்கும் அவசரம். முதலில் எதையாவது எடுங்கள். மாடு 40 மீட்டரில் இருக்கும்போது குழலும் பறவைச் சத்தமும் அடங்கட்டும். 30 மீட்டரில் முழவு, 3 விநாடியில் முழு அளவுக்கு ஏற வேண்டும். அதை இறக்கத் தொடங்குவது 45 மீட்டருக்கு அப்பால், அதுவும் 24 விநாடி எடுத்து. ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் ஒரே எல்லை வைத்தால், அந்தக் கோட்டில் நின்று தயங்குபவருக்கு இசை விட்டு விட்டு எரியும் ட்யூப்லைட் மாதிரி ஆகிவிடும்.

1978-இல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ் வீடியோ கேமில் இறங்கிவரும் நான்கே ஸ்வரங்கள்தான். எதிரிகள் நெருங்க நெருங்க அவை வேகமெடுத்தன. ஆனால் இங்கே மூன்று அடுக்கு ஓடும்போது வேகத்தைத் தொட்டால் தாளம் பிசகும். முழவை மட்டும் இரண்டாம் காலத்தில், அதாவது இரட்டை வேகத்தில், வாசித்து இன்னொரு கோப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

நீலகிரிப் பழங்குடிகளான கோத்தர்களின் குழலிசையில் கடவுளுக்கு உரியது வேறு, சாவுக்கு உரியது வேறு. மலை வாசனைக்காகக் கிடைத்த துண்டை வெட்டி ஒட்டினால் கடைவீதிக் காட்சியில் சாவு மெட்டு ஒலிக்கும். கேட்காமல் எடுக்கவே கூடாது.

எம்பி3 வேண்டாம், கோப்பின் முனையில் அது சேர்க்கும் சிறு மௌனம் ஒவ்வொரு சுற்றிலும் விக்கும். ஓஜிஜி அல்லது வேவ். சுற்றின் கடைசியில் எதிரொலி அறுந்தால், இரண்டு சுற்று ஓடவிட்டு இரண்டாவதை மட்டும் வெட்டி எடுங்கள்.

கடைசியாக போன் ஸ்பீக்கரில் கேளுங்கள். 60 ஹெர்ட்ஸ் முழக்கம் அதில் வராது. முழவின் தோலை விரல் தட்டும் சத்தத்தையும் சேர்த்தால்தான் அடி விழுவதே தெரியும்.