உங்கள் பெயரில் வீட்டு ஆளே கடன் வாங்கியிருந்தால்: எதை முதலில் செய்வது?

வீட்டுக் கடன் கேட்டு வங்கிக்குப் போன அன்றுதான் எனக்கே விஷயம் தெரிந்தது. மேலாளர் கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். என் பெயரில் இரண்டு கடன்: கைபேசி வாங்கிய தவணைக் கடன் ஒன்று, 60,000 ரூபாய் தனிநபர் கடன் ஒன்று. ஏழு மாதமாக டியூ கட்டவில்லை. இரண்டிலும் அம்மா வீட்டு முகவரி.

வாங்கியது என் தம்பி. என் ஆதார், பான் ஜெராக்ஸ் அம்மா வீட்டு பீரோவில் கிடந்தது, கல்யாணத்துக்கு முன்னால் நான் வைத்திருந்த சிம் அவனிடம், ஆதாரில் பதிவான எண்ணும் அதுதான், என் பழைய சேமிப்புக் கணக்கின் ஏடிஎம் கார்டும் அவன் கையில்தான். ஓடிபி அவனுக்குப் போனது, பணம் அந்தக் கணக்கில் விழுந்தது, அவன் எடுத்துக்கொண்டான்.

அதற்கப்புறம் இரண்டு மாதம் பேசிக்கொண்டே இருந்தோம். பெரியப்பா வந்தார், மாமா வந்தார், "அடுத்த மாசம் கட்டிடுறேன் அக்கா" என்று அவன் அழுதான். வட்டியும் அபராதமும் ஏறியதுதான் மிச்சம். வீட்டுப் பேச்சு ஒரு பக்கம் நடக்கட்டும், ஆனால் அது முடிந்தபின் பார்க்கலாம் என்று கீழே உள்ள வேலைகளைத் தள்ளிப் போடாதீர்கள். இந்த ஒன்றுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு விஷயம். நீங்களே தெரிந்து ஓடிபி சொல்லி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கடனை அவர்கள் கட்டாமல் விட்டால் அது வேறு கதை, அந்தக் கடன் உங்களுடையதுதான். இங்கே சொல்வது உங்களுக்குத் தெரியாமல் நடந்ததற்கு மட்டும்.

1. அன்றைக்கே ஓட்டையை அடையுங்கள்

பழைய சிம் வேறொருவரிடம் இருந்தால் அதைத் திருப்பித் தா என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். அடையாள அட்டையோடு அந்த சிம் நிறுவனத்தின் கடைக்குப் போய் அதே எண்ணுக்கு மாற்று சிம் வாங்குங்கள், அவர்களிடம் இருப்பது செத்துவிடும். பிறகு ஆதார் சேவை மையத்தில் பதிவு எண்ணை உங்கள் இப்போதைய எண்ணுக்கு மாற்றுங்கள். ஆதார் தளத்தில் கைரேகை, கருவிழியைப் பூட்டி வைக்கும் வசதி இருக்கிறது, அதையும் செய்யலாம், ஆனால் ஓடிபி வழியாக நடப்பதை அந்தப் பூட்டு தடுக்காது என்பதால் எண்ணை மாற்றுவதுதான் முக்கியம். அங்கேயே ஆதார் எங்கெல்லாம் சரிபார்க்கப்பட்டது என்ற வரலாறும் கிடைக்கும், கடந்த ஆறு மாதத்துக்கு. பார்த்து, படம் எடுத்து வையுங்கள்.

மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை கைபேசி இணைப்புகள் இருக்கின்றன என்று தெரியும். தெரியாத எண் இருந்தால் 'என் எண் இல்லை' என்று அங்கேயே புகார் செய்யலாம். பழைய வங்கிக் கணக்கின் கார்டை முடக்குங்கள், கணக்கை மட்டும் உடனே மூடாதீர்கள். அதன் ஸ்டேட்மென்ட்தான் நாளைக்கு உங்கள் சாட்சி.

2. முழுக் கணக்கையும் பாருங்கள்

எல்லோரும் சிபில் என்றுதான் சொல்கிறோம், ஆனால் யார் எங்கே கடன் வாங்கினார், ஒழுங்காகக் கட்டினாரா என்று பதிவு வைக்கும் கடன் தகவல் நிறுவனங்கள் இந்தியாவில் நான்கு: சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க். ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது 2017 முதல் ரிசர்வ் வங்கியின் விதி. நான்கையும் எடுங்கள். ஸ்கோரைப் பார்த்துப் பதற வேண்டாம், 'விசாரணைகள்' என்ற பகுதியைப் பாருங்கள். உங்கள் பெயரில் யார் யாரிடம் கடன் கேட்கப்பட்டது என்று தேதியோடு இருக்கும். நிராகரிக்கப்பட்ட முயற்சிகள்கூட அதில் தெரியும். என் தம்பி ஐந்து இடத்தில் கேட்டிருந்தான்.

3. கடன் கொடுத்தவர்களுக்கு எழுதுங்கள்

போனில் பேசி நேரத்தை வீணாக்காதீர்கள். நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சல், கூடவே ஸ்பீட் போஸ்ட். இந்தக் கடனை நான் வாங்கவில்லை என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். பிறகு கேட்க வேண்டியவை: விண்ணப்பத்தின் நகல், எடுத்த செல்ஃபி, ஓடிபி போன எண், பணம் போன கணக்கு, பொருள் என்றால் கடையின் பில். செல்ஃபியில் வேறு முகம் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

பேச்சை நிறுத்த ஒரு டியூவை மட்டும் உங்கள் கணக்கிலிருந்து கட்டிவிடலாமே என்று தோன்றும். கட்டாதீர்கள், கடனை ஒப்புக்கொண்டதற்கு அதையே ஆதாரமாகக் காட்டுவார்கள். 'செட்டில்மென்ட்' என்று பாதித் தொகைக்குப் பேரம் பேசினாலும் சம்மதிக்க வேண்டாம், அறிக்கையில் 'செட்டில்டு' என்று விழுந்தால் அடுத்த வங்கி யோசிக்கும். வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் அழைக்கக்கூடாது. அழைத்தால் நேரத்தைக் குறித்து அதே மின்னஞ்சலில் சேருங்கள்.

4. போலீஸ்

இதுதான் கையே எழாத இடம், எனக்கும் எழவில்லை. சைபர் குற்றப் புகாருக்கு 1930 என்ற எண்ணும் தேசிய இணையதளமும் இருக்கின்றன, உள்ளூர் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். நிலையத்தில் வழக்குப் பதியாவிட்டாலும் புகாரைப் பெற்றுக்கொண்டதற்குத் தரும் சிஎஸ்ஆர் ரசீதைக் கேட்டு வாங்குங்கள், அதைக் கடன் கொடுத்தவர்களுக்கு அனுப்பிய பிறகுதான் என் விஷயத்தில் பதிலே வந்தது. வாங்கவே மறுத்தால் எஸ்பிக்குத் தபாலில் அனுப்பலாம்.

வேறொருவரின் அடையாளத்தை மின்னணு வழியில் மோசடியாகப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவின்படி குற்றம், மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். இது தெரிந்துதான் புகார் எழுத வேண்டும். செய்தவர் யார் என்று தெரிந்திருந்தும் 'அடையாளம் தெரியாத நபர்' என்று எழுதிக் கொடுக்காதீர்கள். பணம் போன வழியைப் பார்த்து போலீசே கண்டுபிடித்தால் பொய் சொன்னது நீங்கள் என்று ஆகும். செய்தது கணவர் என்றால், பொருளாதார ரீதியான கொடுமையும் 2005 குடும்ப வன்முறைச் சட்டத்துக்குள் வரும், உதவிக்கு 181. பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு, எண் 15100.

5. அறிக்கையைத் திருத்துங்கள்

நான்கு நிறுவனங்களின் தளத்திலும் தகராறு பதிவு செய்யும் வசதி இருக்கிறது. 'இந்தக் கணக்கு என்னுடையது அல்ல' என்பதைத் தேர்ந்தெடுங்கள். கடன் கொடுத்தவர் ஒப்புக்கொள்ளாமல் அவர்களாக எதையும் அழிக்க முடியாது, அதனால்தான் 3-ஆம் வேலை முதலில். 30 நாளில் தீர்க்காவிட்டால் அதற்குமேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும், 2024 ஏப்ரல் முதல் இது நடைமுறையில் இருக்கிறது. கடன் கொடுத்தவருக்கு எழுதியும் 30 நாளில் பதில் இல்லையா? ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே புகார் செய்யலாம், கட்டணம் கிடையாது.

அம்மாவிடம் என்ன சொல்வது

"சொந்தத் தம்பியை ஸ்டேஷனுக்கு இழுத்துட்டியே" என்றார் அம்மா. அந்தக் கடன் என் பெயரில் இருக்கிறவரை என் பிள்ளைகளுக்கு வீடு கிடையாது என்று மட்டும் சொன்னேன். அறிக்கையை அச்செடுத்து, தேதிவாரியாகப் படித்துக் காட்டினேன். பெரியப்பா அதற்குப் பிறகு சமாதானம் பேச வரவில்லை. தம்பியோடு இன்னும் முழுதாகப் பேச்சு இல்லை, தீபாவளிக்கு வந்தான், சாப்பிட்டுவிட்டுப் போனான்.

எல்லாம் முடிந்து மூன்று மாதம் கழித்து நான்கு அறிக்கைகளையும் மறுபடி எடுங்கள், அந்த வருட இலவசம் தீர்ந்திருந்தால் பணம் கட்டியாவது. எனக்கு மூன்றில் திருத்தியிருந்தார்கள், நான்காவதில் அந்தக் கைபேசிக் கடன் அப்படியே நின்றது. பழைய கடிதத்தை இணைத்து மறுபடி அனுப்பினேன், போன வாரம்தான் எடுத்தார்கள்.