துருவ நிலையத்தில் வானிலை அவதானிப்பவர் விடும் பிழைகள்

யாழ்ப்பாணத்தில் மழைமானி பழுதானால் கண்ணுக்குத் தெரியும்: புனலில் வேப்பம்பூ அடைத்திருக்கும், அல்லது எறும்பு குடியேறியிருக்கும். துருவப் பகுதியில் அப்படியில்லை. உறைந்துபோன கருவியும் ஒழுங்கான ஓர் எண்ணைக் காட்டிக்கொண்டே இருக்கும். அதை அப்படியே குறித்து அனுப்பிவிடுவதுதான் புதியவர்கள் அதிகம் விடும் பிழை. நோர்வேயின் யான் மாயென், பியோர்னோயா, கனடாவின் யுரேகா போன்ற நிலையங்களுக்கு விண்ணப்பிக்க நினைக்கும் புலம்பெயர்ந்த எங்கள் பிள்ளைகளுக்கும், இங்கே அவதானிப்புப் பழகிவிட்டு அந்தப் பக்கம் பார்ப்பவர்களுக்கும் இது உதவலாம்.

முதல் சிக்கல் எங்கள் சொல்லிலேயே இருக்கிறது. மார்கழியில் புல்லில் கிடப்பது பனி, விடியற்காலை வீதியை மறைப்பது பனி, வானிலிருந்து விழுவதும் பனி. ஒவ்வொரு வகை வானிலைக்கும் ஓர் எண் தரும் உலக வானிலைக் குறியீடு இதை ஏற்காது. விழும் பனிக்கு 70 முதல் 75 வரை. தெளிந்த வானத்தில் மினுங்கியபடி இறங்கும் நுண் பனிப்படிகங்களுக்கு 76. தரையில் கிடந்த பனியைக் காற்று கிளப்பினால் அது வேறு: கண்மட்டத்துக்குக் கீழே ஓடினால் 36 அல்லது 37, மேலே எழுந்தால் 38 அல்லது 39. புயலில் நிற்கும்போது எல்லாம் ஒன்றாகத்தான் தெரியும். நேர் மேலே பாருங்கள். நட்சத்திரமோ நீலமோ தெரிந்தால், முகத்தில் அடிப்பது பெரும்பாலும் தரைப் பனிதான். அன்று மானிக்குள் சேர்ந்ததை மழைவீழ்ச்சிக் கணக்கில் சேர்த்தால், விழாத பனியை விழுந்ததாக எழுதியவர் ஆவீர்கள். உண்மையாகவே பனி விழும் நாளில் பிழை மறுபக்கம் போகும்: காற்று மானியின் வாயைத் தாண்டி பனியை அள்ளிக்கொண்டு போய்விடுவதால் அளவு குறையும். மானியைச் சுற்றியுள்ள காற்றுத்தடுப்பு வளைந்திருந்தால் உடனே நிமிர்த்துவது அதனால்தான்.

மானிப் பனியை அடுப்பில் வைத்து உருக்கக் கூடாது. ஒரு பங்கு ஆவியாகிவிடும். அளந்த வெந்நீரை ஊற்றி உருக்கி, பிறகு கழியுங்கள். வாய்ப்பரப்பு 200 சதுர சென்டிமீட்டர் என்றால் 20 மில்லிலீற்றர் நீர் 1 மில்லிமீற்றர் மழைக்குச் சமன். 100 மில்லிலீற்றர் ஊற்றி, உருகியபின் 148 வந்தால், பனி 48, அதாவது 2.4 மில்லிமீற்றர். பத்து சென்டிமீட்டர் பனி ஒரு சென்டிமீட்டர் நீர் என்ற வாய்பாட்டைக் காற்று இறுக்கிய துருவப் பனியில் நம்ப வேண்டாம்.

ஈரப்பதனில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். ஈரப்பதன் அறிய ஈரத்துணி சுற்றி வைக்கும் ஈரக்குமிழ் வெப்பமானியில், அந்தத் துணி 0 பாகைக்குக் கீழே போனதும் உறைந்துவிடும் என்று நினைப்போம். பல பாகை கீழே போயும் நீராகவே இருக்கக்கூடும். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. சிறு பனிக்கட்டித் துண்டால் தொடுங்கள். வாசிப்பு 0-ஐ நோக்கி எழுந்தால் அதுவரை நீராக இருந்தது என்று அர்த்தம். உறையும்போது வாசிப்பு 0-இல் சற்று நிற்கும். அந்த நேரத்தில் குறித்தால் ஈரப்பதன் கூடிக் காட்டும். கீழே இறங்கி நிலைத்த பிறகே எழுதுங்கள், பனிக்கட்டிக்கான ஈரப்பதன் அட்டவணையையே பாருங்கள்.

மின்னணு உணரி வைத்தவர்களுக்கு வேறு குழப்பம். சுற்றிலும் உறைபனி படிந்துகொண்டிருக்கும், கருவியோ 82 சதவீதம் என்று சொல்லும். பழுது என்று திருத்தப் போகாதீர்கள். உலக வழக்கப்படி ஈரப்பதன் நீர்ப்பரப்பை வைத்துக் கணக்கிடப்படுகிறது. −20 பாகையில் பனிக்கட்டிப் பரப்பை வைத்துப் பார்த்தால் ஈரம் நிறைந்த, அதாவது 100 சதவீதக் காற்று, நீர்ப்பரப்பை வைத்துப் பார்த்தால் ஏறத்தாழ 82 சதவீதம்தான். −40-இல் அது 68 ஆகிவிடும்.

அந்த −40 இன்னொரு காரணத்துக்காகவும் நினைவிருக்கட்டும். பாதரசம் −38.8 பாகையில் உறையும். அதற்குக் கீழே மதுசார வெப்பமானி அல்லது பிளாற்றினம் உணரிதான். முகத்தை அருகே கொண்டுபோய் வாசிப்பது இங்கே பழகிய பழக்கம். அங்கே மூச்சே வாசிப்பை உயர்த்திவிடும். மூச்சை அடக்கி, முதலில் பத்தில் ஒரு பாகையை வாசித்து, பிறகு முழு எண்ணை வாசியுங்கள்.

காற்றுமானிக் கிண்ணங்கள் உறைந்தால் வேகம் 0 என்று வரும், திசை மணிக்கணக்கில் அசையாது. வெளியே கொடி படபடக்கும்போது திரையில் அமைதி தெரிந்தால் அது அமைதியல்ல. கட்டையால் தட்டிப் பனியை உடைக்காதீர்கள், தாங்கி வளையும். பனி சேரச் சேரத் தரையே உயர்வதையும் மறக்கக் கூடாது: அண்டார்டிக்காவின் ஹாலி நிலையத்தில் ஆண்டுக்கு 1 மீட்டருக்கு மேல். காற்றுமானி நிற்கும் 10 மீட்டர் கம்பம் சொல்லாமலே 9 ஆகிவிடும். கம்பத்தைப் போலவே, வெப்பமானிகள் வைக்கும் ஸ்டீவன்சன் பெட்டியையும் உயர்த்த வேண்டும். தென்முனையில் திசைக்கே பொருள் மாறிவிடும். சோளகம், கச்சான், கொண்டல் ஒன்றும் கிடையாது, எந்தக் காற்றும் வடக்கிலிருந்துதான், எல்லாம் வாடை! அதனால் கிரீன்விச் தீர்க்கரேகையை வடக்காக வைத்துத் திசை குறிக்கிறார்கள்.

அமுக்கமானி அறைக்குள் இருப்பதால் பாதுகாப்பு என்று நம்பவேண்டாம். கதவு திறந்ததும், பலத்த காற்று கட்டடத்தை உறிஞ்சியதும் வாசிப்பு துள்ளும்.

ஐதரசன் நிரப்பி வானிலைப் பலூன் ஏற்றும் இடத்தில் நைலோன் மேலங்கி வேண்டாம். துருவக் காற்று மிக வறண்டது, நிலைமின் பொறி எளிதில் பறக்கும். ஐதரசனோ காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை கலந்தால் தீப்பற்றும்.

நேரமும் ஏமாற்றும். நாங்கள் காலை 8.30-க்கு மழை பார்ப்பது கிரீன்விச் 03 மணி என்பதற்காகவே. அங்கேயும் கணக்கு கிரீன்விச் மணிதான், ஆனால் சூரியன் மறையாத கோடையில் உடம்புக்கு நாளே பிடிபடாது. ஏட்டில் தேதி பிசகும். எழுதப் பென்சில் எடுங்கள், பேனா மை உறைந்துவிடும்.

கடைசியாக ஒன்று. நம்பமுடியாத எண்ணை அழித்துவிட்டு நேற்றைய எண்ணைப் போடுபவர்கள் உண்டு. ஹாலியில் அக்டோபர் மாதங்களில் ஓசோன் அளவு விசித்திரமாகக் குறைந்து வந்தது. அந்த அளவீடுகள் ஏட்டில் இருந்ததால்தான் 1985-இல் ஓசோன் துளையைப் பற்றிய கட்டுரை வெளிவர முடிந்தது. சந்தேகமான வாசிப்பை அப்படியே எழுதி, பக்கத்தில் குறியிட்டு, எத்தனை மணிக்கு எந்தக் கருவியைத் துடைத்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். தவறவிட்ட அவதானிப்புக்கு வெற்றிடம் விடுங்கள்.