கோடு வெல்டிலா, லெட் ஸ்க்ரீனிலா? ஆர்டி வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு செய்முறை

ஆர்டி என்றால் ரேடியோகிராஃபி, வெல்டுக்குள் குறை இருக்கிறதா என்று கதிரைப் பாய்ச்சி ஃபிலிமில் படமெடுத்துப் பார்ப்பது. நான் சிங்கப்பூரின் துவாஸ் தொழிற்பேட்டையில் அந்த வேலைக்கு ஹெல்ப்பராகச் சேர்ந்த புதிதில் நடந்தது இது. 6 அங்குலக் குழாய் வெல்ட் ஒன்றின் ஃபிலிமில், ரூட்டை (வெல்டின் அடிப்பகுதியை) ஒட்டி மெல்லிய கறுப்புக் கோடு. ஃபிலிமைப் படித்துத் தீர்ப்புச் சொல்லும் தகுதி பெற்ற லெவல் 2 ஆள் யோசிக்கவே இல்லை, ஊடுருவல் குறைவு (வெல்ட் உலோகம் அடிவரை சேரவில்லை) என்று எழுதி ரிப்பேருக்கு அனுப்பிவிட்டார். வெல்டர் அண்ணன் கிரைண்டர் வைத்துத் தோண்டினார். உள்ளே சுத்தமான உலோகம். மறுபடி வெல்ட் செய்து, மறுநாள் இரவு மறுபடி ஷாட் எடுத்தோம். அதே கோடு! ஆனால் இந்த முறை வெல்டை விட்டு விலகிக் குழாயின் மேல் கிடந்தது. ஃபிலிமின் ஓரத்திலிருந்து அளந்தால் முந்தைய ஃபிலிமில் இருந்த அதே தூரம்.

வெல்டர் அண்ணன் ஃபிலிமை விளக்கில் பார்த்துவிட்டுக் கேட்டார்: “தம்பி, கோடு என் வெல்டுல இருக்கா, உன் டப்பாவுல இருக்கா?”

டப்பாவில்தான் இருந்தது, அதாவது ஃபிலிமை வெளிச்சம் படாமல் வைக்கும் கேசட்டில். கேசட்டைத் திறந்து லெட் ஸ்க்ரீனை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் நீளமாக ஒரு கீறல். யாருடைய நகமோ பட்டிருக்கிறது. அது என் நகமாகவும் இருக்கலாம், அந்த வாரம் கேசட் நிரப்பியவன் நான்தான். ஒரு கீறலுக்காக ஒரு மனிதர் நல்ல வெல்டைத் தோண்டினார். ஃபிலிமில் விழுவதெல்லாம் வெல்டிலிருந்து வந்ததில்லை என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. ஹெல்ப்பராக வரும் தம்பிகளிடம் நான் முதல் நாளே கொடுப்பது சோர்ஸ் (கதிர் உமிழும் பொருள்) போய்வரும் கேபிளை அல்ல, ஒரு ஜோடி லெட் ஸ்க்ரீனைத்தான்.

இது என்ன செய்கிறது?

லெட் ஸ்க்ரீன் என்பது காகிதம் போல மெல்லிய ஈயத்தகடு. ஃபிலிமுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. தனி ஈயம் தொட்டாலே மடங்கும் என்பதால் கொஞ்சம் ஆன்டிமனி கலந்திருப்பார்கள்.

ஃபிலிமின் மேல் விழும் எக்ஸ்ரே ஆற்றலில் ஒரு விழுக்காடுகூட ஃபிலிமில் தங்குவதில்லை, மீதி ஊடுருவிப் போய்விடும். அந்தக் கதிர் ஈயத்தில் படும்போது எலக்ட்ரான்கள் தெறிக்கின்றன. ஒட்டியிருக்கும் ஃபிலிமை அவை கறுக்க வைக்கின்றன. அதனால் எக்ஸ்போஷர் நேரம் (ஃபிலிமில் கதிர் பட வேண்டிய நேரம்) நன்றாகக் குறைகிறது, எக்ஸ்ரேயில் பாதிக்கும் கீழே போவதும் உண்டு. எலக்ட்ரான்கள் ஈயத்தின் மேல்தோலிலிருந்துதான் வெளியே வர முடியும், ஆழத்தில் பிறப்பவை உள்ளேயே அடங்கிவிடும். ஆகவே தடிமனைக் கூட்டினால் பலன் கூடாது. முன் ஸ்க்ரீன் தடித்தால் படம் எடுக்க வேண்டிய கதிரையே அது தின்னத் தொடங்கும்.

இன்னொரு வேலை, சிதறல் கதிரை வடிகட்டுவது. குழாய்ச் சுவரில் பட்டுத் திசை மாறி வரும் கதிர் ஆற்றல் குறைந்தது, படத்தின் மேல் மூட்டம் போடும். நேராக வரும் வலுவான கதிரைவிட இந்தப் பலவீனமான கதிரை ஈயம் அதிகமாகப் பிடித்துக்கொள்கிறது. ஃபிலிம் பளிச்சென்று இருக்க இதுதான் காரணம். என்னைக் கேட்டால், நேரம் மிச்சமாவதைவிட இதுவே பெரிய லாபம்.

ஒரு தப்பெண்ணத்தை இப்போதே தீர்த்துவிடலாம். ஈயம் என்றதும் இது நம்மையும் காக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். நாம் சோர்ஸாக வைத்திருக்கும் இரிடியம் 192 வீசும் காமாக் கதிரைப் பாதியாகக் குறைக்கவே ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் ஈயம் வேண்டும். கேசட்டில் இருப்பது 0.1 சொச்சம். அது ஃபிலிமுக்கு உதவும், உங்களுக்கு உதவாது.

படி 1: எந்தத் தடிமன்?

இரிடியம் 192, செலினியம் 75, அல்லது 150 கிலோவோல்ட்டுக்கு மேற்பட்ட எக்ஸ்ரே என்றால் வழக்கமாகக் கைக்கு வருவது முன்னால் 0.125, பின்னால் 0.25 மில்லிமீட்டர். இரண்டும் 0.125 ஆக இருக்கும் கேசட்டுகளும் உண்டு. பின்னால் தடிமன் கூடினால் தொல்லை இல்லை, பின்பக்கத்திலிருந்து வரும் சிதறலை அது தடுக்கும். மாற்றி வைத்தால்தான் வம்பு.

எக்ஸ்ரேயில் சுமார் 120 கிலோவோல்ட்டுக்குக் கீழே போனால் முன் ஸ்க்ரீன் உதவியைவிட உபத்திரவம். எலக்ட்ரான் போதிய அளவு வராது, கதிரை மட்டும் விழுங்கும். மெல்லிய அலுமினியத் தகட்டுக்கு எங்கள் லெவல் 2 முன் ஸ்க்ரீனை எடுத்துவிடச் சொல்வது இதனால்தான். கோபால்ட் 60 வேலை வந்தால் செம்பு அல்லது எஃகு ஸ்க்ரீன் கேட்பார்கள். எதுவாக இருந்தாலும் புரொசீஜரில் (அந்த வேலைக்கென்று எழுதிய செய்முறையில்) இருப்பதே முடிவு, அதைப் படிக்காமல் கேசட்டைத் தொடாதீர்கள்.

படி 2: பார், துடை

இந்தப் படியைத்தான் எல்லாரும் அவசரமாகத் தாண்டுகிறார்கள்.

ஸ்க்ரீனை விளக்கின் கீழே சாய்த்துப் பிடியுங்கள். நேராகப் பார்த்தால் கீறல் தெரியாது, சாய்த்தால் கோடாக மின்னும். நகத்தைவிட ஈயம் மென்மையானது என்பதை மறக்க வேண்டாம். ஆழமான கீறல் ஃபிலிமில் கறுப்புக் கோடாக விழும். வெல்டில் விரிசலும் ஊடுருவல் குறைவும் கறுப்பாகத்தான் தெரியும், சிக்கலே அங்கேதான். முடி, பஞ்சு, பொடுகு, எண்ணெய்க் கறை எல்லாம் இதற்கு நேர்மாறு. அவை எலக்ட்ரான்களை வழியில் மறித்துவிடுவதால் ஃபிலிமில் வெளுப்பாகத் தெரியும். பொடுகா என்று சிரிக்காதீர்கள், ஹெல்மெட்டைக் கழற்றிய தலையோடு கேசட்டின் மேல் குனிந்தால் என்ன உதிரும் என்று நினைத்துப் பாருங்கள்.

கையுறை போட்டுக்கொண்டு, பஞ்சு உதிராத துணியில் ஆல்கஹால் தொட்டு மெதுவாகத் துடையுங்கள். முழுக்கக் காயட்டும். போகாத கறைக்கு மிக நைசான ஸ்டீல் வுல்லால் லேசாகத் தேய்க்கலாம். ஆனால் அப்படித் தேய்த்த ஸ்க்ரீனில் 24 மணி நேரம் ஃபிலிமை ஏற்றி வைக்காதீர்கள். புதிதாகத் தேய்த்த ஈயம் ஃபிலிமைச் சும்மாவே மூட்டம் போட வைக்கும். மடிப்பு விழுந்ததை நீவிச் சரிசெய்யப் பார்க்க வேண்டாம். அது போனது போனதுதான். குப்பைத்தொட்டியில் எறியாமல் ஸ்டோர்காரரிடம் ஒப்படையுங்கள்.

வீட்டில் அம்மா ஈயச்சொம்பில் ரசம் வைப்பாரே, இதுவும் ஈயம்தானே என்று ஒரு தம்பி கேட்டான். நல்ல கேள்வி. அது வெள்ளீயம், வேறு உலோகம். நம் கையில் இருப்பது காரீயம், நஞ்சு. ஸ்க்ரீனைத் தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவாமல் பரோட்டாவைப் பிய்க்காதீர்கள்.

என் பழக்கம் ஒன்று: முன் ஸ்க்ரீனின் மூலையில், வெல்ட் படமே விழாத இடத்தில், ஊசியால் சின்னதாக ஒரு எண் கீறிவிடுவேன். கீறல் ஃபிலிமில் விழும் என்பதே இங்கே உதவிக்கு வருகிறது. எந்த ஃபிலிம் எந்த ஸ்க்ரீனில் எடுத்தது என்று பிறகு தேட வேண்டியதில்லை. செய்யும் முன் உங்கள் லெவல் 2 ஆளிடம் கேட்டுக்கொள்ளுங்கள், சிலருக்குப் பிடிக்காது.

படி 3: டார்க் ரூமில் ஏற்றுவது

சிவப்பு விளக்கு மட்டும். வரிசை இப்படி: சோர்ஸ் பக்கம் முன் ஸ்க்ரீன், நடுவில் ஃபிலிம், அப்புறம் பின் ஸ்க்ரீன். ஃபிலிமின் இரு முகத்திலும் எமல்ஷன் (கதிர் பட்டால் கறுக்கும் பூச்சு) இருப்பதால் எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் சரி. ஸ்க்ரீன் அப்படி இல்லை. அட்டையில் ஒட்டிய ஸ்க்ரீன் என்றால் ஈய முகம்தான் ஃபிலிமைத் தொட வேண்டும். அட்டை முகத்தை உள்ளே திருப்பி வைத்தால் எலக்ட்ரான் அட்டையிலேயே நின்றுவிடும்.

இதே காரணத்தால், ஃபிலிமோடு வரும் இடைக்காகிதத்தை எடுத்துவிட வேண்டும். புதியவர்கள் இருட்டில் இதை மறப்பது மிகச் சாதாரணம். நானும் ஒருமுறை எட்டு ஃபிலிமைக் காகிதத்தோடு ஏற்றி அனுப்பினேன். எல்லாம் வெளுத்துப் போய் வந்தன. அன்று இரவு முழுக்க மறுபடி ஷாட். யாரும் திட்டவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஃபிலிமை ஓரத்தில் பிடித்துத் தூக்கி வையுங்கள், சரட்டென்று இழுக்காதீர்கள். ஸ்க்ரீன் கீறும். நிலைமின்சாரம் பொறித்தால் மரக்கிளை போன்ற கறுப்புத் தடங்களும் விழும். மூடிய பிறகு கேசட்டைத் தடவிப் பாருங்கள், உப்பல் இருக்கக் கூடாது. ஸ்க்ரீனுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே இடைவெளி விட்டால் எலக்ட்ரான்கள் பரவி விழுந்து படம் மங்கும். குழாயைச் சுற்றி வளைக்கும்போது இது இன்னும் முக்கியம். ஈயத்தோடு சேர்த்து வெற்றிடத்தில் அடைத்து வரும் ஃபிலிம் பைகள் கிடைத்தால் வளைவான வேலைக்கு அவற்றையே எடுங்கள். விலை கூடுதல்தான், ஆனால் ரீஷாட் அதைவிடச் செலவு.

படி 4: பின்னால் ஒரு ‘பி’

கேசட்டின் முதுகில், வெளிப்புறமாக, ஈயத்தில் வார்த்த ஆங்கில எழுத்து ‘பி’ (B) ஒன்றை ஒட்டுங்கள். ஏஎஸ்எம்இ (அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம்) விதிப்படி குறைந்தது 11 மில்லிமீட்டர் உயரம், 1.5 மில்லிமீட்டர் தடிமன். கப்பல் பட்டறையில் கேசட்டுக்குப் பின்னால் எஃகுத் தளம் இருக்கும், கான்கிரீட் தரை இருக்கும், கன்டெய்னர் சுவர் இருக்கும். கதிர் அவற்றில் பட்டுத் திரும்பி வருகிறதா என்று சொல்லிக்கொடுப்பது இந்த எழுத்து.

ஃபிலிமில் ‘பி’ சுற்றுப்புறத்தைவிட வெளுப்பாகத் தெரிந்தால் பின்சிதறல் அதிகம், அந்த ஃபிலிம் செல்லாது. பின்னால் 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை ஈயத்தகடு கூடுதலாக வைத்து மறுபடி எடுக்க வேண்டும். எழுத்தே தெரியாவிட்டால் நல்லது. கறுப்பாகத் தெரிந்தால்? பல பேர் பதறி ஃபிலிமைக் கழித்துவிடுகிறார்கள். தேவையில்லை, கறுப்பு ‘பி’ நிராகரிக்கக் காரணம் ஆகாது என்று அந்த விதியே சொல்கிறது.

படி 5: ஷாட்

இதில் ஹெல்ப்பருக்குச் சொல்ல அதிகம் இல்லை. கேசட்டை வெல்டோடு ஒட்டிக் கட்டுங்கள், தடுப்புக் கயிற்றுக்கு வெளியே வாருங்கள், கதிர் இருக்கிறதா என்று காட்டும் சர்வே மீட்டரைக் கையிலிருந்து இறக்காதீர்கள், உங்கள் மேல் பட்ட கதிரைப் பதிவுசெய்யும் டோஸ் பேட்ஜ் சட்டையில் இருக்கட்டும். சிங்கப்பூரில் இந்த வேலை 2007ஆம் ஆண்டின் கதிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் அனுமதி பெற்றவர்தான் சோர்ஸைக் கையாள வேண்டும். “சும்மா கிராங்கைச் சுத்து தம்பி” என்று யார் சொன்னாலும் சுற்றாதீர்கள், சோர்ஸை வெளியே தள்ளும் கைப்பிடி அது.

படி 6: ஃபிலிமைப் படிப்பது

கையால் டெவலப் செய்தால் 20 டிகிரியில் 5 நிமிடம் என்பது வழக்கமான கணக்கு. இங்கே குழாயைத் திறந்தால் வருவதே வெதுவெதுப்பான நீர், ஆகவே சில்லர் (நீரைக் குளிர்விக்கும் கருவி) இல்லாமல் ஆகாது. காமாக் கதிரில் எடுத்த ஃபிலிமின் அடர்த்தி (கறுப்பின் அளவு) 2.0க்குக் குறையாமல், 4.0ஐத் தாண்டாமல் இருக்க வேண்டும்.

சந்தேகமான கோடு தெரிந்தால் உடனே பேனாவை எடுக்காதீர்கள். முதலில் ஃபிலிமை வியூவரிலிருந்து (ஃபிலிம் பார்க்கும் விளக்குப் பெட்டி) எடுத்து, மேலிருந்து விழும் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஃபிலிமின் மேலேயே கீறல் இருந்தால் பளபளப்பில் மாட்டிக்கொள்ளும். பிறை வடிவில் சின்னத் தடம் என்றால் ஃபிலிமை விரலால் மடக்கியிருக்கிறீர்கள், ஸ்க்ரீன்மேல் பழி போட வேண்டாம். இரண்டும் இல்லையென்றால் அதே ஸ்க்ரீனில் எடுத்த வேறு வெல்டின் ஃபிலிமைப் பக்கத்தில் வையுங்கள். ஓரத்திலிருந்து அதே தூரத்தில் அதே கோடு இருந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டது. அப்படியும் தீராவிட்டால் வேறு ஸ்க்ரீனில் ஒரு ஷாட். கோடு கூடவே வந்தால் வெல்டர் அண்ணனிடம் போகலாம், அதற்கு முன்னால் வேண்டாம்.

படி 7: எடுத்து வைப்பது

இந்த ஊரில் ஈரப்பதம் சர்வசாதாரணமாக 80 விழுக்காட்டைத் தாண்டும். வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடத்தில் ஃபிலிமை ஸ்க்ரீனுக்கு நடுவே தேவைக்கு மேல் விட்டு வைத்தால் அது கதிரே படாமல் மூட்டம் பிடிக்கும். மழையால் சனிக்கிழமை இரவு வேலை நின்றுவிட்டது, ஏற்றிய கேசட்டுகள் வேனில் கிடக்கின்றன, மறுநாள் தேக்கா (லிட்டில் இந்தியா) போகிற அவசரம் என்று அப்படியே விட்டுப் போனால், திங்கட்கிழமை ஷாட்டில் வெல்ட் சாம்பல் மூட்டத்துக்குள் தெரியும். லாரி ஏறும் முன் டார்க் ரூமுக்குப் போய் ஃபிலிம்களை இறக்கிப் பெட்டியில் வையுங்கள். ஸ்க்ரீன்களை ஒன்றோடொன்று உரசாமல், நடுவே சுத்தமான காகிதம் வைத்து, தட்டையாக அடுக்குங்கள். இறக்கிய கேசட்டின் மேல் டேப் ஒட்டிக் ‘காலி’ என்று எழுதிவிடுங்கள், அடுத்த ஷிப்ட் தம்பி இருட்டில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டாம்.