மாநகர் மன்றத்துக்குப் போகும் நம் பணத்தைப் பின்தொடர்வது எப்படி

மாநகர் மன்றத்துக்கு நாம் கட்டும் வீட்டு மதிப்பீட்டு வரியான சுக்காய் பிந்து பில் வந்தால் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? எங்கள் வீட்டில் அம்மா அதை வாங்கி, மின்சார பில்லும் கோயில் ரசீதும் கிடக்கும் லாச்சிக்குள் போட்டுவிடுவார். பிப்ரவரி கடைசியில் யாராவது கட்டிவிட்டு வருவோம், ஆகஸ்டு கடைசியில் மறுபடியும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பல வருடங்கள் நானும் பார்த்ததில்லை. பினாங்கில் வீடு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் மாநகர் மன்றத்துக்குப் படியளக்கிறோம், ஆனால் அந்த மன்றத்தில் யார் உட்கார வேண்டும் என்று ஓட்டுப் போட நமக்கு உரிமை இல்லை. அந்த உரிமை திரும்பி வரும்வரை நம் கையில் மிச்சம் இருப்பது பணத்தின் கணக்கைக் கேட்பது ஒன்றுதான், அதை எப்படிச் செய்வது என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பில்லை வெளியே எடுங்கள். 'நிலாய் தஹுனான்', அதாவது ஆண்டு மதிப்பு, என்று ஓர் எண் இருக்கும். உங்கள் வீட்டை வாடகைக்கு விட்டால் ஒரு வருடத்துக்கு எவ்வளவு கிடைக்கும் என்று மன்றம் போட்டுவைத்திருக்கும் கணக்கு அது. அதை வரி விகிதத்தோடு பெருக்கினால் வருட வரி வரும், அதில் பாதிதான் ஒவ்வொரு தடவையும் நீங்கள் கட்டுவது. ஒரு பேச்சுக்கு, ஆண்டு மதிப்பு 6,000 ரிங்கிட், விகிதம் 8 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 480, அரை வருடத்துக்கு 240. சுக்காய் தானாவை இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள், நில வரி மாநில அரசுக்குப் போகிறது, மன்றத்துக்கு அதில் பங்கு இல்லை.

இந்த ஆண்டு மதிப்பை மன்றம் அவ்வப்போது மாற்றி எழுதும். அப்போது வீட்டுக்கு நோட்டீஸ் வரும், அதை மட்டும் தயவுசெய்து லாச்சிக்குள் போட்டுவிடாதீர்கள். 1976-ஆம் ஆண்டு ஊராட்சி சட்டத்தின் 142-ஆம் பிரிவுப்படி நீங்கள் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம், ஆனால் மறுமதிப்பீட்டுக்குக் குறித்த நாளுக்குக் குறைந்தது 14 நாள் முன்பே கடிதம் போய்ச் சேர வேண்டும். கடிதத்தில் 'எங்களால் இவ்வளவு கட்ட முடியாது' என்று எழுதிப் பயனில்லை. கஷ்டம் உண்மைதான், ஆனால் சட்டம் கேட்கிற காரணம் அது இல்லை. 'என் வீட்டை அதிகமாக மதிப்பிட்டுவிட்டீர்கள்' என்பதுதான் காரணமாக நிற்கும். அதைக் காட்ட அதே வரிசையில், அதே அளவு வீடு என்ன வாடகைக்குப் போகிறது என்று இரண்டு மூன்று வாடகை ஒப்பந்த நகல்களைச் சேர்த்து வையுங்கள். பதில் திருப்தி இல்லையென்றால் உயர் நீதிமன்றம் வரை போகலாம்.

சரி, நம் வரி ஒரு பக்கம். வணிக உரிமம், வண்டி நிறுத்தக் கட்டணம், கட்டட வரைபட அனுமதிக் கட்டணம், சம்மன் அபராதம், கடை வாடகை இதெல்லாமும் மன்றத்துக்கு வருமானம். மேலே இருந்து வருவது மானியம். அரசு கட்டடங்கள் நம்மைப் போல மதிப்பீட்டு வரி கட்டுவதில்லை, அரசமைப்புச் சட்டத்தின் 156-ஆம் பிரிவுப்படி அதற்குப் பதிலாக ஒரு பங்களிப்புத் தொகை கொடுக்கின்றன. சாலைப் பராமரிப்புக்குக் கூட்டரசிலிருந்து மாநிலத்துக்குப் பணம் வருகிறது, மாரிஸ் என்ற பதிவேட்டில் இருக்கும் சாலைக்குத்தான் அந்தப் பணம். இதை நான் கற்றுக்கொண்டது எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால் இருக்கும் சந்தில். மழை பெய்தால் கணுக்கால் வரை தண்ணீர் நிற்கும், நடுவில் ஒரு குழி, அதில் யாரோ ஒரு பழைய பெயிண்ட் டின்னைக் கவிழ்த்து அடையாளம் வைத்திருந்தார்கள். மாதக்கணக்கில் புகார் கொடுத்துக்கொண்டே இருந்தோம். கடைசியில்தான் தெரிந்தது, வீட்டைக் கட்டிய நிறுவனம் அந்தச் சந்துப் பாதையை யாரிடமும் ஒப்படைக்கவே இல்லை, எந்தப் பதிவேட்டிலும் அது இல்லை. அதனால் புகார் கொடுப்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி: இந்தச் சாலை யாருடையது? கூட்டரசா, மாநிலமா, மன்றமா, இல்லை இன்னும் தனியாருடையதா? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

செலவுப் பக்கத்தில் குப்பையைக் கவனியுங்கள். 2007-இல் வந்த திடக்கழிவுச் சட்டத்தைப் பினாங்கு ஏற்கவில்லை, அதனால் இங்கே குப்பை அள்ளுவதும் சாக்கடை கழுவுவதும் மன்றத்தின் சொந்தச் செலவு. கோலாலம்பூரில் அந்த வேலை கூட்டரசுச் சட்டத்தின் கீழ் நடக்கிறது. நகராண்மைக் கழகத்தில் துப்புரவு வேலை பார்த்த தாத்தாக்கள் நம் குடும்பங்களில் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள், இந்தக் கணக்கு நமக்கு அந்நியமானது இல்லை.

இப்போது, யார் முடிவு செய்கிறார்கள்? மன்றத்தில் அதிகபட்சம் 24 உறுப்பினர்கள், எல்லோரும் மாநில அரசு நியமித்தவர்கள். வரவு செலவுத் திட்டத்துக்கும் கடன் வாங்குவதற்கும் மாநில அரசின் ஒப்புதல் வேண்டும். எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1951 டிசம்பரிலேயே ஜார்ஜ் டவுன் மக்கள் ஓட்டுப் போட்டுத் தங்கள் நகராண்மைக் கழகத்துக்கு ஆள் அனுப்பினார்கள். 1957-இல் நகரம் மாநகரமானது, அதன் முதல் மேயர் டி.எஸ். ராமநாதன், நம்மவர். 1965-இல் இந்தோனேசியாவோடு இருந்த மோதலைக் காட்டித் தேர்தலை நிறுத்தினார்கள். மோதல் அடுத்த வருடமே முடிந்தது, தேர்தல் திரும்பவில்லை. ஆதி நாகப்பன் தலைமையிலான அரச ஆணையம் தேர்தல் வேண்டும் என்றுதான் பரிந்துரைத்தது, 1976 சட்டம் அதற்கு நேர்மாறாகக் கதவைச் சாத்தியது. பினாங்கு 2012-இல் சொந்தமாக ஒரு சட்டம் இயற்றிப் பார்த்தது, 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. ஆக மாற்றம் நாடாளுமன்றத்தில்தான் வர வேண்டும், உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரைப் பார்க்கும்போது தேர்தலுக்குக் கதவைச் சாத்திய அந்த 1976 சட்டத்தின் 15-ஆம் பிரிவு பற்றி என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேளுங்கள்.

அதுவரை? அதே சட்டத்தின் 23-ஆம் பிரிவு மன்றத்தின் முழுக் கூட்டத்தைப் பொதுமக்களுக்குத் திறந்து வைத்திருக்கிறது, தீர்மானம் போட்டு மூடினால் தவிர. கூட்டத் தேதியை மன்றச் செயலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு போய் உட்காருங்கள். உங்களுக்குப் பேச வாய்ப்பு இருக்காது, உண்மையான வாக்குவாதம் பெரும்பாலும் குழுக் கூட்டங்களிலேயே முடிந்திருக்கும். ஆனாலும் எந்த உறுப்பினர் எதைப் பற்றி வாய் திறக்கிறார் என்று அங்கேதான் தெரியும். அப்புறம் உங்கள் பகுதியைப் பார்க்கும் உறுப்பினரைத் தேடிப் பிடித்து, ஒரு பக்கக் கடிதத்தில் ஒரே ஒரு விஷயத்தை வையுங்கள். பத்துக் குறையை ஒன்றாகக் கொட்டினால் ஒன்றும் நகராது.

வரவு செலவுத் திட்டம் கையில் கிடைத்தால் மொத்தத் தொகையைப் பார்த்து மலைக்க வேண்டாம். போன வருடம் ஒதுக்கியது எவ்வளவு, செலவானது எவ்வளவு, இந்த மூன்று இடத்தில் மட்டும் பாருங்கள்: சாக்கடை, விளக்கு, நடைபாதை. ஒதுக்கியும் செலவாகாத பணம் இருந்தால் உங்கள் கடிதத்துக்கு அதுவே முதல் வரி. விவரம் தர மறுத்தால் பினாங்கின் தகவல் சுதந்திரச் சட்டம் இருக்கிறது, மாநிலச் சட்டமன்றம் நிறைவேற்றியது, மன்றத்திடம் இருக்கும் தகவலையும் அதன் கீழ் விண்ணப்பித்துக் கேட்கலாம். 'சாலை பற்றிய எல்லாத் தகவலும்' என்று கேட்காமல் இன்ன சாலை, இன்ன ஆண்டு, இன்ன ஒப்பந்தம் என்று குறிப்பாகக் கேளுங்கள்.

கூட்டமாகப் போவது எப்போதும் மேல். 2012 முதல் பினாங்கில் சில அடுக்குமாடிகளில் குடியிருப்போரே பணத்தை எதற்குச் செலவிடுவது என்று வாக்களிக்கும் முயற்சி நடந்தது, ஜெலுத்தோங் பக்கம் ஜாலான் சுங்கை மக்கள் வீடமைப்பும் அதில் ஒன்று. உங்கள் குடியிருப்புச் சங்கம் அதே மாதிரி ஒன்றைத் தங்கள் இடத்தில் நடத்தச் சொல்லிக் கேட்கலாம், பெண்களும் வயசானவர்களும் வந்து பேசுகிற நேரமாகப் பார்த்து வையுங்கள், ராத்திரி ஒன்பது மணிக்குக் கூட்டம் போட்டால் நாலு ஆண்கள்தான் வருவார்கள்.

கோலாலம்பூர் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: உங்களுக்கு நியமன மன்ற உறுப்பினர்கூடக் கிடையாது, டத்தோ பண்டாரும் (மேயர்) ஓர் ஆலோசனை வாரியமும்தான். அதனால் உங்கள் கடிதம் டத்தோ பண்டாருக்கு ஒன்று, அதன் நகல் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் பிரதமர் துறையின் கீழ் இருக்கும் கூட்டரசுப் பிரதேசத் துறைக்கும் ஒவ்வொன்று என்று போகட்டும், மூன்றிலும் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்கி, பில்லோடு சேர்த்து ஒரே கோப்பில் வையுங்கள்.