பாஸ்வேர்டு மேனேஜர் தேடுகிறீர்களா? முதலில் வீட்டிலிருக்கும் பழைய லேப்டாப்பை எடுங்கள்

கோத்தகிரியில் 3 அறை வைத்து ஹோம்ஸ்டே நடத்துகிறேன். புக்கிங் தளங்கள், பேங்க், கரண்ட் பில், ரயில் டிக்கெட், வைஃபை என்று எண்ணினால் 40 பாஸ்வேர்டுக்கு மேல் வரும். எல்லாம் ஒரு நீள நோட்டில்தான் இருந்தது, சமையலறை ஜன்னலோரம். கூடலூர் பக்கம் ஆடியில் கொட்டும். எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் மழை கனக்கும். அப்படி ஒரு கார்த்திகையில் ஓடு ஒழுகி நோட்டு ஊறிப்போனது. ஜெல் பேனாவில் எழுதியது வேறு. அடுப்பு மேல் காய வைத்துப் பார்த்தால், அது பூஜ்யமா 'ஓ'வா, ஒன்றா 'எல்'லா என்று ஒன்றும் புரியவில்லை. குத்துமதிப்பாக நாலைந்து தடவை போட்டுப் பார்த்ததில் புக்கிங் கணக்கு பூட்டிக்கொண்டது. அந்த வாரம் வர வேண்டியவர்களின் விவரம் எல்லாம் உள்ளே, நான் வெளியே.

அதற்கப்புறம்தான் பாஸ்வேர்டு மேனேஜர் தேட ஆரம்பித்தேன். எல்லா பாஸ்வேர்டையும் ஒரு பூட்டிய பெட்டகத்தில் வைத்துக்கொண்டு, கேட்கிற இடத்தில் எடுத்துக் கொடுக்கும் ஆப் அது. அந்தப் பெட்டகத்தைத் திறக்கும் பாஸ்வேர்டுக்கு மாஸ்டர் பாஸ்வேர்டு என்று பெயர். எல்லோரும் எது நல்ல ஆப் என்று கேட்கிறார்கள். வீட்டில் என்னென்ன கருவி இருக்கிறது என்று முதலில் எழுதுங்கள். என்னிடம் ஆண்ட்ராய்டு போன், வரவேற்பு மேசையில் ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர் ஓடும் பழைய விண்டோஸ் லேப்டாப், கோவையில் இருந்து புக்கிங் பார்த்துக்கொள்ளும் மகளிடம் ஐபோன். இதில் எது சண்டி மாடோ, அதில் ஓடுவதுதான் உங்களுக்கான மேனேஜர்.

இந்தக் கணக்கிலேயே பாதி கழிந்துவிடும். ஆப்பிளின் பாஸ்வேர்ட்ஸ் 2024-இல் ஐஓஎஸ் 18-உடன் தனி ஆப்பாக வந்தது. ஆப்பிள் கருவிகள் மட்டுமே உள்ள வீட்டுக்கு அது போதும். ஆண்ட்ராய்டுக்கு அது கிடையாது. எல்லோரும் ஆண்ட்ராய்டும் குரோமுமாக இருந்தால் கூகுளுடையதே போதும், மேலே படிக்கக்கூட வேண்டாம். எனக்கு ஃபயர்ஃபாக்ஸ் இடித்தது. மெயிலும் பாஸ்வேர்டும் ஒரே கணக்கில் இருந்து, அது பூட்டிக்கொண்டால் இரண்டும் போகுமே என்ற பயமும் இருந்தது.

அடுத்து, இலவசத் திட்டத்தில் எத்தனை பாஸ்வேர்டு, எத்தனை கருவி என்று பாருங்கள். லாஸ்ட்பாஸ் என்ற மேனேஜர் 2021 மார்ச்சில் இலவசக்காரர்களிடம் கம்ப்யூட்டரா மொபைலா, ஒன்றைத் தேர்ந்தெடு என்று சொல்லிவிட்டது. அடுத்த ஆண்டு அங்கே திருட்டு நடந்து, வாடிக்கையாளர்களின் பெட்டகங்களே நகலெடுக்கப்பட்டன. பாஸ்வேர்டுகள் பூட்டித்தான் இருந்தன. தளங்களின் முகவரிகள் திறந்து கிடந்தன. ஆக, பெட்டகமே திருட்டுப் போனாலும் தாங்குகிற மாதிரி மாஸ்டர் பாஸ்வேர்டு வைக்க வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒன் பாஸ்வேர்டு என்ற மேனேஜர் நல்ல சரக்கு, ஆனால் நிரந்தர இலவசத் திட்டம் கிடையாது. கீபாஸ் வகையில் கம்பெனியே கிடையாது, பெட்டகம் உங்கள் கையில் ஒரு கோப்பாக இருக்கும். அதை எல்லாக் கருவிக்கும் கொண்டு சேர்ப்பது உங்கள் வேலை. அதற்குப் பொறுமை உள்ளவர்கள் தாராளமாகப் போகலாம், எனக்கு இல்லை. மிஞ்சியது பிட்வார்டனும் புரோட்டான் பாஸும். இரண்டிலும் இலவசத்திலேயே எத்தனை கருவியிலும் எத்தனை பாஸ்வேர்டும் வைக்கலாம். நான் பிட்வார்டன் எடுத்தேன்.

எடுத்ததும் எல்லாவற்றையும் கொட்டாதீர்கள். போனால் போகட்டும் என்கிற ஐந்து பாஸ்வேர்டை மட்டும் போட்டு ஒரு வாரம் ஓட்டுங்கள். போன் செட்டிங்ஸில் ஆட்டோஃபில் (பாஸ்வேர்டைத் தானாக நிரப்புவது) என்று தேடி, அங்கே உங்கள் மேனேஜரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதை விட்டுவிட்டு 'ஆப் வேலையே செய்யவில்லை' என்பவர்கள்தான் அதிகம்.

அப்புறம் ஒரு சோதனை. மலையில் இருப்பவர்கள் கட்டாயம் செய்ய வேண்டியது. போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, ஆப்பை மூடி மறுபடி திறங்கள். இங்கே ரோட்டில் ஒரு மரம் சாய்ந்தால் கரண்ட், கேபிள், டவர் எல்லாம் ஒன்றாகப் போகும். அந்த நேரத்தில்தான் விருந்தினர் பதிவைப் பார்க்க லேப்டாப் பாஸ்வேர்டு தேவைப்படும். என் முதல் சோதனையில் ஆப் திறக்கவே இல்லை. காரணம் நான்தான். கொஞ்ச நேரம் தொடாவிட்டால் என்ன செய்வது என்ற இடத்தில் 'லாக்' என்பதற்குப் பதில் 'லாக் அவுட்' வைத்திருந்தேன். லாக் அவுட் ஆனால் திரும்ப நுழைய இன்டர்நெட் வேண்டும். லாக் என்று மாற்றியதும் சிக்னல் இல்லாமலேயே கைரேகைக்குத் திறந்தது.

இப்போது மாஸ்டர் பாஸ்வேர்டு. இதை மறந்தால் கம்பெனியால் திருப்பித் தர முடியாது, அவர்களிடமே இருக்காது. ஒன்றோடொன்று ஒட்டாத ஐந்து தமிழ்ச் சொற்களை எடுத்து, இங்கிலீஷ் எழுத்தில் அடியுங்கள். உரல், கேரட், குல்லா, தபால், நண்டு என்பது மாதிரி (இதையே வைத்துவிடாதீர்கள்). பழமொழி, பாட்டு வரி வேண்டாம், உங்களுக்குத் தெரிந்தது ஊருக்கே தெரியும். தமிழ் எழுத்திலேயே வைக்கலாமே என்று எனக்கும் ஆசைதான். ஆனால் 'கொ' என்ற எழுத்தின் கொம்பையும் காலையும் ஒரு கீபோர்டு சேர்த்து ஒரே குறியாகப் பதியலாம், இன்னொன்று தனித்தனியாகப் பதியலாம். பார்வைக்கு ஒன்றுதான், கம்ப்யூட்டருக்கு வேறு.

அதை ஒரு தாளில், பால்பாயிண்ட் பேனாவில் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு பீரோவில் ரேஷன் கார்டோடு வையுங்கள். மெயில் பாஸ்வேர்டையும் அதே தாளில் எழுதுங்கள். புதிய கருவியில் நுழையும்போது பிட்வார்டன் உங்கள் மெயிலுக்கு ஒரு குறியீடு அனுப்பும். மெயில் பாஸ்வேர்டு பெட்டகத்துக்குள் மட்டும் இருந்தால், பீரோ சாவியை பீரோவுக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதைதான்.

பிரவுசரில் சேமித்தவற்றை சிஎஸ்வி என்ற பட்டியல் கோப்பாக இறக்கி மேனேஜருக்குள் ஏற்றலாம், ஐந்து நிமிட வேலை. அந்தக் கோப்பில் பாஸ்வேர்டெல்லாம் பச்சையாக இருக்கும். ஏற்றியதும் அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள். யுபிஐ பின்னை மட்டும் நான் எதிலும் போடவில்லை, அது தலையிலேயே இருக்கட்டும்.

எதிர்பாராத லாபம் ஒன்று. உங்கள் புக்கிங் கணக்கு நிறுத்தப்படும் என்று ஒரு மெயில், கீழே லிங்க். திறந்தால் அச்சு அசலாக அதே பக்கம். ஆனால் மேனேஜர் பாஸ்வேர்டை எடுத்துக் கொடுக்கவே இல்லை. முகவரியை உற்றுப் பார்த்தேன், நடுவில் ஓர் எழுத்து கூடுதல். என் கண் ஏமாந்தது, அது ஏமாறவில்லை. அது கொடுக்க மறுத்தால் கையால் காப்பி எடுத்துப் போடாதீர்கள்.

பிட்வார்டன் இலவசத்திலேயே இரண்டு பேர் சில பாஸ்வேர்டுகளைப் பகிரவும் வழி இருக்கிறது. புக்கிங் தளங்களை மட்டும் மகளோடு பகிர்ந்திருக்கிறேன். இங்கே டவர் போனால் அவள் கோவையிலிருந்து பார்த்துக்கொள்வாள்.

பழைய நோட்டை உடனே தூக்கி எறிய வேண்டாம். ஒவ்வொரு தளமாக மேனேஜரிலிருந்து நுழைந்து பார்த்து, பாஸ்வேர்டை மாற்றி, நோட்டில் அந்த வரியை அடித்துக்கொண்டே வாருங்கள். எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. கடைசி வரியையும் அடித்த பிறகு வெந்நீர் அடுப்பில் போட்டேன். ஈரம் போகாத அட்டை மட்டும் சரியாக எரியவில்லை.