எஸ்எஸ்ஓ அமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்: மெயில் ஐடி ஆள் ஆகாது

போன வாரம் காரைக்குடியில் ஓர் அலுவலகத்தில் இரண்டு பையன்கள் எஸ்எஸ்ஓவுக்காக, அதாவது ஒரே லாகினில் எல்லா அப்ளிகேஷனும் திறக்கும் ஏற்பாட்டுக்காக, கீகிளோக் என்ற லாகின் சர்வரை நிறுவிக்கொண்டிருந்தார்கள். கல்லூரி முடித்து ஒரு வருடம் ஆகியிருக்கும். ஒரே பாஸ்வேர்டில் நான்கு அப்ளிகேஷனும் திறந்துவிட்டது, முகத்தில் அவ்வளவு சந்தோஷம். "அண்ணே, பாருங்க" என்று திரையைத் திருப்பினார்கள். நான் டேட்டாபேஸைத் திறக்கச் சொன்னேன். சம்பள அப்ளிகேஷனின் யூசர் டேபிளில் ஆளை அடையாளம் காண்பதற்கு அவர்கள் வைத்திருந்தது மெயில் ஐடி. ஏழெட்டு வருடம் முன்னால் நான் செய்து வாங்கிக் கட்டிக்கொண்ட அதே வேலை.

எச்டிடிபிஎஸ் போடுங்கள், கிளையன்ட் சீக்ரெட் என்ற ரகசியச் சாவியை கிட்ஹப்பில் ஏற்றாதீர்கள் என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அதை எல்லாரும் சொல்லிவிட்டார்கள்.

மெயில் ஐடியை வைத்து ஆளைப் பிடிப்பது

செட்டிநாட்டில் இருந்துகொண்டே இந்தத் தவறைச் செய்தேனே என்பதுதான் இன்னும் எரிச்சல். இங்கே பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பார்கள். ஒரே வளவில் இரண்டு வள்ளியப்பன், மூன்று அழகப்பன் இருப்பது சாதாரணம். அதனால்தான் நகரத்தார் பெயருக்கு முன்னால் விலாசம் என்று எழுத்துகளை அடுக்கி, எந்த வீட்டு வள்ளியப்பன் என்று பிரித்துக் காட்டினார்கள். கல்யாணப் பத்திரிகைக்குப் பத்திரிகை பார்க்கிற விஷயம். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் எனக்கு மறந்துபோனது.

பள்ளி, விடுதி என்று சில இடங்களில் கிளை வைத்திருந்த ஒரு அறக்கட்டளைக்கு எஸ்எஸ்ஓ அமைத்தேன். அங்கே வருடக்கணக்காகக் காசாளராக இருந்த பெரியவர் டிசம்பர் கடைசியில் ஓய்வு பெற்றார். அவருடைய மெயில் பெட்டியை மூடினார்கள். பத்தே நாளில் விடுதி ஸ்டோருக்கு ஒரு பையன் சேர்ந்தான். பெரியவர் பெயரேதான் அவனுக்கும். மெயில் பார்த்துக்கொள்கிறவர், ஐடி காலியாகத்தானே இருக்கிறது என்று அதையே அவனுக்குக் கொடுத்துவிட்டார். அவர் மேல் குற்றமில்லை, நானாக இருந்தாலும் கொடுத்திருப்பேன்.

பையன் முதல் நாள் லாகின் செய்தான். வந்த மெயில் ஐடியை அப்ளிகேஷன் தன் டேபிளில் தேடியது. கிடைத்தது. பெரியவரின் கணக்கை அப்படியே திறந்துவிட்டது. பில்களுக்கு ஒப்புதல் கொடுக்கும் அதிகாரம், பழைய சம்பளச் சீட்டுகள், பிஎஃப் கடன் என்று எல்லாமே அவன் கண் முன்னால். அவனுக்கு அது முதல் வேலை. திரையில் 'ஒப்புதல்' என்று பச்சையாக ஒரு பட்டன் இருந்தால் அதை அழுத்துவதும் தன் வேலைதான் என்று நினைத்திருக்கிறான். மூன்று வாரத்தில் பதினான்கு பில். அரிசி, காய்கறி, ஜெனரேட்டர் டீசல், எல்லாவற்றுக்கும் ஒப்புதல்.

மார்ச்சில் ஆடிட்டர் கேட்டார்: டிசம்பரிலேயே போனவர் தை மாதத்தில் எப்படி ஒப்புதல் கொடுத்தார்? லாகை, அதாவது யார் எப்போது என்ன செய்தார் என்ற பதிவைத் திறந்தால் அதிலும் மெயில் ஐடிதான். அது எந்த ஆள் என்று சொல்ல வழியில்லை. பெரியவருக்கே போன் போட்டோம். "தம்பி, தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலேர்ந்து காவடியோட பழநிக்கு நடந்துக்கிட்டிருந்தேன். கால் பூரா கொப்புளம். நான் எங்கப்பா டீசல் பில்லைப் பார்த்தேன்?" என்றார்.

பணம் எதுவும் தொலையவில்லை, பையன் நேர்மையானவன். ஆனால் பதினான்கு பில்லையும் காகித வவுச்சரோடு வைத்து முதலிலிருந்து சரிபார்க்க வேண்டியிருந்தது. பெரியவரின் கடன் விவரத்தை ஒரு புது ஆள் பார்த்துவிட்டதை அவரிடம் சொல்லும் வேலையும் என் தலையில் விழுந்தது. அந்த வேலைக்குப் பேசிய பணத்தில் பாதியைத்தான் என்னால் கேட்க முடிந்தது.

இத்தனைக்கும் விடை, லாகின் ஆனதும் லாகின் சர்வர் அப்ளிகேஷனுக்கு அனுப்பும் டோக்கனுக்குள்ளேயே இருந்தது. ஓபன்ஐடி கனெக்ட் என்ற எஸ்எஸ்ஓ நெறிமுறையில் வரும் ஐடி டோக்கனில் 'சப்' என்று ஒரு மதிப்பு இருக்கும். ஒரு லாகின் சர்வர் ஒருவருக்குக் கொடுத்த சப்பை வேறொருவருக்கு மறுபடி கொடுக்கக் கூடாது என்பது விதி. கூடவே 'இஸ்' என்று, டோக்கனை வழங்கிய சர்வரின் முகவரி வரும். இந்த இரண்டையும் சேர்த்துத்தான் ஆளை அடையாளம் காண வேண்டும், மெயில் ஐடியை அதற்குப் பயன்படுத்தக் கூடாது என்று 2014-இல் வந்த விவரக்குறிப்பிலேயே எழுதியிருக்கிறது. நான் படிக்கவில்லை, அவ்வளவுதான். இன்னொரு நெறிமுறையான சாம்ல் பயன்படுத்தினால், ஆளைக் குறிக்கும் நேம்ஐடியை 'பெர்சிஸ்டென்ட்', அதாவது மாறாத வகையில் கேளுங்கள்.

மெயில் ஐடி மறுபடி வேறு ஆளுக்குப் போனால்தான் ஆபத்து என்று நினைக்க வேண்டாம். கல்யாணமாகி இனிஷியல் மாற்றிய ஒரு ஆசிரியைக்கு ஐடியும் மாறியது; அடுத்த நாள் அவருடைய விடுப்புக் கணக்கு பூஜ்யம். அப்ளிகேஷன் அவரைப் புது ஆள் என்று முடிவு செய்துவிட்டது. திருட வருகிறவனுக்கும் இது வசதி. 2023 ஜூனில் 'நோஆத்' என்ற பெயரில் ஒரு ஓட்டை வெளியானது. மைக்ரோசாஃப்டின் லாகின் சேவையான அஷூர் ஏடியில் (இப்போது பெயர் என்ட்ரா ஐடி) தன் கணக்கின் மெயில் என்ற இடத்தில் அடுத்தவர் ஐடியை ஒருவர் எழுதிக்கொள்ள முடிந்தது. அந்த ஐடி அவருடையதுதானா என்று சரிபார்க்கவில்லை. மெயிலை நம்பிய அப்ளிகேஷன்கள் கதவைத் திறந்துவிட்டன.

சரி, ஏற்கெனவே மெயிலில் கட்டிவிட்டவர்கள் என்ன செய்வது? டேபிளில் இஸ், சப் இரண்டுக்கும் நெடுவரிசை சேருங்கள். பழைய கணக்கோடு முதல்முறை இணைக்கும்போது மட்டும், பணியாளர் எண்ணை அலுவலகப் பட்டியலோடு ஒப்பிட்டு இணையுங்கள். அதன்பின் மெயில் ஐடி திரையில் காட்டவும் கடிதம் அனுப்பவும் மட்டும். லாகிலும் சப்பைப் பதியுங்கள். ஒரு எச்சரிக்கை: கீகிளோக்கை அழித்துவிட்டு ஆட்களைக் கையால் மறுபடி சேர்த்தால் எல்லாருக்கும் புது சப் வந்துவிடும். எக்ஸ்போர்ட் எடுத்துத்தான் மாற்ற வேண்டும்.

லாக்அவுட் ஆகிவிட்டது என்று நம்புவது

அப்ளிகேஷனில் லாக்அவுட் அழுத்தினால் பெரும்பாலும் அந்த அப்ளிகேஷன்தான் மூடும். லாகின் சர்வரின் செஷன், அதாவது 'இவர் உள்ளே வந்தவர்' என்று அது வைத்திருக்கும் நினைவு, உயிரோடு இருக்கும். ஆசிரியர் அறையில் பொதுக் கம்ப்யூட்டர் இருந்தால், அடுத்து உட்காருகிறவர் 'லாகின்' அழுத்தியதும் பாஸ்வேர்டு கேட்காமலே முந்தையவர் கணக்கில் நுழைவார். ஒருமுறை நீங்களே உட்கார்ந்து பாருங்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு. வேலையை விட்டவரின் கணக்கை சர்வரில் முடக்கினாலும், அவர் போனில் திறந்து கிடக்கும் அப்ளிகேஷன் தன் செஷன் முடியும்வரை ஓடும். செஷனை முப்பது நாள் வைத்திருக்கிறீர்கள் என்றால், முப்பது நாள்.

ரீடைரக்ட் முகவரியில் நட்சத்திரம்

லாகின் முடிந்ததும் ஆளைத் திருப்பி அனுப்பும் முகவரியில், எதுவும் பொருந்தும் என்ற * குறியை டெஸ்டிங்குக்கு என்று போடுவார்கள். எடுக்க மாட்டார்கள். முழு முகவரியை எழுத்துக்கு எழுத்து கொடுங்கள். 2025 ஜனவரியில் வந்த ஆர்எஃப்சி 9700 என்ற பாதுகாப்பு வழிகாட்டியும் அதைத்தான் கேட்கிறது.

சர்வர் நேரம்

சர்வரின் கடிகாரத்தை நெட்வொர்க் வழியாகச் சரியாக வைக்கும் என்டிபியோடு பொருத்துங்கள். மாடிப்படிக்கு அடியில் வைத்த பழைய சர்வரில், மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டும் சிமாஸ் பேட்டரி செத்துப்போய், ஒவ்வொரு மின்வெட்டுக்கும் தேதி பின்னால் ஓடி, சாம்ல் லாகின் மொத்தமும் நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

கையொப்பச் சான்றிதழ்

லாகின் சர்வர் டோக்கனில் போடும் கையொப்பத்துக்கான சான்றிதழ் முடியும் தேதியை ஆபீஸ் காலண்டரில் எழுதி வையுங்கள்.

பின்வாசல் சாவி இல்லாமல் கட்டுவது

லாகின் சர்வர் படுத்துவிட்டால், அதைச் சரிசெய்யும் அட்மின் பக்கத்துக்கும் அதே லாகின் சர்வர் வழியாகத்தான் போக வேண்டும் என்று கட்டிவைக்கிறார்கள். எஸ்எஸ்ஓவைத் தொடாத ஒரு அட்மின் கணக்கு ஒவ்வொரு முக்கிய அப்ளிகேஷனிலும் இருக்கட்டும். நீளமான பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, அலுவலக இரும்புப் பெட்டியில் வையுங்கள். அந்தக் கணக்கில் யார் நுழைந்தாலும் இரண்டு பேருக்கு எஸ்எம்எஸ் போகட்டும். அப்புறம், இரும்புப் பெட்டிச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டு வையுங்கள். ஓர் இடத்தில் உறை பத்திரமாக இருந்தது, சாவி வைத்திருந்தவர் மகளைப் பார்க்க சிங்கப்பூர் போயிருந்தார்.